காரின் ஏ.சி. துவாரங்களில் காற்று வரவில்லையா?

ஏ.சி.யைப் போட்டும் காற்றே வராவிட்டால், கேஸ் தீர்ந்துவிட்டதென்று எண்ணி உடனே செலவு செய்ய வேண்டாம். கேஸ் குறைந்தால் பெரும்பாலும் குளிர்ச்சிதான் குறையும், காற்றைத் தள்ளுவது புளோயர் மோட்டாரின் வேலை.

விசிறியை முழு வேகத்தில் வைத்துக் காது கொடுத்துக் கேளுங்கள். மோட்டார் ஓடும் ஓசை கேட்டும் காற்று மெலிதாக வந்தால், பல கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், காற்றிலுள்ள தூசியை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். திருப்பூரின் பஞ்சுத் துகளும் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைநார் ஆலைகளின் தூசியும் பறக்கும் நம் கொங்குப் பகுதியில், கையேடு சொல்லும் கிலோமீட்டர் வரை காத்திராமல் முன்னதாகவே அதை மாற்றிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நெடுநேரம் ஓடிய பிறகு மட்டும் காற்று குறைந்து, ஏ.சி.யை அணைத்து விசிறியை மட்டும் சிறிது நேரம் ஓடவிட்டதும் திரும்பினால், காற்றைக் குளிர்விக்கும் பாகமான எவாப்பரேட்டரில் பனி உறைந்திருக்கலாம். அப்போது கேஸ் அளவையும் எவாப்பரேட்டரின் வெப்பநிலையை அளக்கும் சென்சாரையும் மெக்கானிக்கிடம் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஓசையே இல்லையெனில் முதலில் புளோயரின் ஃபியூஸைப் பாருங்கள். உருகியிருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ளதையே போடுங்கள். 30 ஆம்பியர் இருந்த இடத்தில் 40 போட்டால் ஒயர் சூடாகித் தீப்பிடிக்கக்கூடும். உச்ச வேகத்தில் மட்டும் விசிறி ஓடினால், பழுது பெரும்பாலும் விசிறியின் வேகத்தைக் குறைத்துத் தரும் ரெசிஸ்டரில்தான். ஃபியூஸ் நன்றாக இருந்தும் ஓடாத மோட்டார், அதன் உறையை மெல்லத் தட்டியதும் சுழலத் தொடங்கினால், உள்ளே சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.