கொட்டாங்குச்சிக்குக் கேழ்வரகு முடி

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கேழ்வரகுக்குப் பஞ்சமில்லை. ஒரு கைப்பிடி முழுத் தானியத்தை இரவு ஊறவையுங்கள்.

கண் உள்ள பாதிக் கொட்டாங்குச்சிதான் வேண்டும். மூன்று கண்ணில் ஒன்று மெத்தென்று இருக்கும். எது என்று பிள்ளையே தடவிக் கண்டுபிடிக்கட்டும். ஆணியால் அதைக் குத்துவது பெரியவர்கள் வேலை. தண்ணீர் வடிய அந்த ஓட்டை போதும். உருளாமல் இருக்கப் பழைய வளையல் மேல் வையுங்கள். பக்கவாட்டில் சாக்பீஸால் முகம் வரையலாம். மீசை வைக்காத பிள்ளை அபூர்வம்.

மண் நிரப்பி, கேழ்வரகை நெருக்கமாகத் தூவி, மேலே லேசாக மண். தினமும் கையால் தெளித்தால் சரி, ஊற்றினால் பூஞ்சை வரும். இரண்டு மூன்று நாளில் முளைக்கும். முடி வளர்ந்ததும் கத்தரிக்கோலால் வெட்டச் சொல்லுங்கள். புல் இனத்துக்கு வளரும் நுனி அடியில் இருப்பதால் மறுபடி வளரும்.

அப்புறம், பக்கத்திலேயே ஊறவைத்த புளியங்கொட்டை ஒன்றை ஊன்றுங்கள். மெதுவாகத்தான் வரும். ஆனால் கொட்டை இரண்டாகப் பிளந்து மண்ணுக்கு மேலே எழும். கேழ்வரகில் அது நடக்காது. மூன்று வயதுக்குள் உள்ளவர்களிடம் கொட்டையைத் தனியே கொடுக்காதீர்கள், மூக்கில் போட்டுக்கொள்வார்கள்.