ரெயில் பிரஷர் லோன்னு வந்தா உடனே பம்ப்ல கை வைக்காதீங்க

மாதவரம், மணலி பக்கம் லாரி ஷெட்டுங்கள்ல அடிக்கடி காதுல விழுற பேச்சு, "லோடுல இழுக்கல, ஸ்கேனர் போட்டாங்க, ரெயில் பிரஷர் லோன்னு காட்டுது, பம்ப் போச்சாம்". ஸ்கேனர்ல பி 0087ன்னு ஒரு கோடு வரும், அத பாத்த அடுத்த நிமிஷமே ஹை பிரஷர் பம்ப கழட்டி டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்பிடுறாங்க, இல்லன்னா சென்சர மாத்துறாங்க, ரெண்டுக்கும் காசு போனப்புறம் பாத்தா டேங்க்ல இருந்து வர்ற ஹோஸ்ல வெடிப்பு இருக்கும். ரெயில்ங்கிறது எல்லா இன்ஜெக்டருக்கும் சேத்து டீசல பிரஷரோட தேக்கி வைக்கிற பொதுக் குழாய், ஈசிஎம்ங்கிறது இன்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர். ஈசிஎம் கேட்ட பிரஷர் ரெயில்ல ஏறல, அந்த கோடுக்கு அவ்ளோதான் அர்த்தம். ஏன் ஏறலன்னு நாமதான் தேடணும்.

டீசல் வர்ற வழிய ஒருதடவ மனசுல ஓட்டுங்க. டேங்க், உள்ள இருக்கிற ஸ்ட்ரெய்னர், சக்‌ஷன் ஹோஸ், தண்ணி பிரிக்கிற ஃபில்டர், ஃபீட் பம்ப், மெயின் ஃபில்டர், இதெல்லாம் தாண்டிதான் ஹை பிரஷர் பம்ப், ரெயில், இன்ஜெக்டர். காமன் ரெயில் வண்டில ஐடில்ல, அதாவது ரேஸ் கொடுக்காம சும்மா ஓடும்போது, சில நூறு பார், நல்ல லோடுல 1,600 பாருக்கு மேலயும் போகும், ஆனா ஃபீட் பம்ப் கொடுக்கிறது சில பார்தான். அந்த சில பாரே ஒழுங்கா வரலன்னா பெரிய பம்ப் எத வச்சு பிரஷர் ஏத்தும்? அதனால தேடுறத டேங்க்ல இருந்து ஆரம்பிங்க, செலவும் அந்தப் பக்கம்தான் கம்மி.

இதுல நிறைய பேர் ஏமாறுற இடம் ஏர். "டீசல் எங்கயும் ஒழுகல சார், லீக் எல்லாம் இல்ல"ன்னு அடிச்சு சொல்லுவாங்க. ஃபீட் பம்ப் வரைக்கும் இருக்கிற லைன் உறிஞ்சுற லைன், அங்க ஓட்டை இருந்தா டீசல் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும், இளநில போடுற ஸ்ட்ரா கீறியிருந்தா என்ன ஆகும், அதே கததான். கண்டுபிடிக்க பெரிய டூல் எதுவும் வேணாம். டீசல் தாங்குற டிரான்ஸ்பரன்ட் ஹோஸ் ஒரு முழம் வாங்கி ஃபீட் பம்புக்கு முன்னாடி மாட்டி வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க. மாட்டும்போது புகுந்த காத்து கொஞ்ச நேரம் குமிழியா வந்து போயிடும், அதுக்கப்புறமும் முத்து முத்தா ஓடிக்கிட்டே இருந்து, ரேஸ் கொடுத்தா வெள்ளையா நுரைச்சு வந்துச்சுன்னா ஏர் எடுக்குது. ஹோஸ ஒவ்வொரு ஜாயின்டா டேங்க் பக்கம் நகர்த்திட்டே போங்க, எந்த ஜாயின்டுக்கு அப்புறம் குமிழி நிக்குதோ அங்கதான் கோளாறு. பெரும்பாலும் ஹேண்ட் பம்ப் ஓ-ரிங், தண்ணி திறந்துவிடுற காக், இல்லன்னா பழைய காப்பர் வாஷரயே திருப்பி போட்ட பேஞ்சோ போல்ட், அதாவது பைப்ப மாட்டுற ஓட்டை போல்ட். வாஷர் என்ன விலைன்னு எல்லாருக்கும் தெரியும், அதுல போய் மிச்சம் புடிக்கிறாங்க. அந்த ஓட்டைய அடைக்க டெஃப்லான் டேப் சுத்துறது இன்னும் மோசம், பிஞ்ச துணுக்கு நேரா, ஹை பிரஷர் பம்ப்புக்கு டீசல அளந்து விடுற மீட்டரிங் வால்வுல போய் உக்காந்துக்கும்.

எப்ப மக்கர் பண்ணுதுன்னு டிரைவர்கிட்ட கேக்காம வேலைய ஆரம்பிக்கிறதும் தப்புதான். ராத்திரி முழுக்க நின்னு காலைல மட்டும் ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்குன்னா லைன்ல ஏர் புகுந்து டீசல் டேங்குக்கே இறங்கிடுதுன்னு சந்தேகப்படலாம். காலைல டக்குன்னு புடிக்குது, எண்ணூர் ரோட்டுல மத்தியான வெயில்ல கன்டெய்னர் க்யூல நின்னு ஆஃப் பண்ணிட்டு மறுபடி போட்டா புடிக்கலன்னா அது வேற விஷயம். சூட்டுல டீசல் இளகும், தேஞ்ச பம்ப்லயும் இன்ஜெக்டர்லயும் உள்ளுக்குள்ளயே கசியும், பிரஷர் நிக்காது. கொஞ்ச தூரம் நல்லா ஓடி அப்புறம் மூச்சு முட்டி நின்னு, சும்மா பத்து நிமிஷம் விட்டா மறுபடி ஓடுதுன்னா டேங்க்குள்ள பாருங்க, துணியோ பிளாஸ்டிக் கவரோ ஸ்ட்ரெய்னர்ல ஒட்டிக்கிட்டு, வண்டி நின்னதும் விழுந்துடும். டேங்க்குக்குள்ள காத்து போற பிரீதர் அடைச்சாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும், டேங்க் மூடிய லூஸ் பண்ணும்போது புஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்துச்சுன்னா அதான்.

ஷெட்ல எம்டி வண்டிய ஐடில்ல போட்டு பாத்துட்டு "எல்லாம் ஓகே"ன்னு அனுப்பிடுறதும் நடக்குது. ஐடில்ல குடிக்கிற டீசலுக்கு பாதி அடைச்ச ஃபில்டரே போதும். லோடோட பைபாஸ் ஏத்திட்டு போய் லைவ் டேட்டால கேட்ட பிரஷர், வந்த பிரஷர் ரெண்டயும் சேத்து பாருங்க, கூடவே சக்‌ஷன் லைன்ல டி ஜாயின்ட் போட்டு வேக்யூம் கேஜ் மாட்டுங்க. எவ்ளோ வேக்யூம் வரலாம்ங்கிறது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், மேனுவல்ல இருக்கிற நம்பரத்தான் நம்பணும். கேஜ் எகிறி ரெயில் பிரஷர் விழுந்தா டேங்க் பக்கம் அடைப்பு. கேஜும் நார்மல், ஃபீட் பம்ப்ல இருந்து வர்ற பிரஷரும் சரியா இருக்கு, அப்பவும் ரெயில் விழுதுன்னா அப்போ போங்க பெரிய பம்ப் பக்கம்.

சென்சர் மேல சந்தேகம்னா மாத்துறதுக்கு முன்னாடி இன்ஜின் ஆஃப் பண்ணி கொஞ்சம் விட்டு சாவி மட்டும் ஆன் பண்ணி பாருங்க, ரீடிங் சைபர ஒட்டி இருக்கணும். நின்ன வண்டில நூறு எரநூறு பார் காட்டினா சென்சரோ வயரிங்கோ பொய் சொல்லுது. ஸ்டார்ட்டே ஆகலன்னா பேட்டரியயும் பாருங்க, செல்ஃப் மெதுவா சுத்தினா பம்ப்பும் மெதுவாத்தான் சுத்தும், பிரஷர் எங்க ஏறும்.

ஃபில்டர் மாத்தும்போது கேன்ல இருந்து டீசல் ஊத்தி ரொப்பி மாட்டுற பழக்கம் இன்னும் போகல. நடு ஓட்டைல ஊத்தினா வடிகட்டாத டீசல் நேரா பம்ப்புக்குதான் போகும், காலியா மாட்டி ஹேண்ட் பம்ப் அடிங்க, கை வலிச்சா வலிக்கட்டும். பனியன் வேஸ்ட்ல துடைக்கிறதும் வேணாம், நூல் உள்ள போயிடும். ஐப்பசி கார்த்திக மழைல ஃபில்டர்ல தண்ணி இறக்குற காக் இருக்கே, அத தினமும் திறந்து விடுங்க, தண்ணில ஊறின ஃபில்டர் பேப்பரும் அடைப்புதான்.

பழைய இன்லைன் பம்ப் காலத்து வழக்கத்துல இன்ஜெக்டர் பைப் நட்ட லூஸ் பண்ணி ஏர் எடுக்கிறத காமன் ரெயில்ல தயவுசெஞ்சு பண்ணாதீங்க, ஓடுற இன்ஜின்ல லீக் எங்கன்னு கைய வச்சு தடவாதீங்க. அந்த பிரஷர்ல வர்ற டீசல் தோல துளைச்சு உள்ள போயிடும். வெளிய ஊசி குத்துன மாதிரிதான் தெரியும், வலியும் முதல்ல பெருசா இருக்காது, ஆனா கையயே எடுக்கிற நிலைமை வரும். குத்திடுச்சுன்னா கட்டு போட்டுட்டு வேலைய பாக்காம நேரா ஆஸ்பத்திரி, டீசல் உள்ள போச்சுன்னு டாக்டர்கிட்ட தெளிவா சொல்லணும்.

ஹை பிரஷர் பக்கம்தான்னு முடிவானாலும் பம்ப்புக்கு முன்னாடி இன்ஜெக்டர் ரிட்டர்ன, அதாவது இன்ஜெக்டர்ல இருந்து திரும்பி வர்ற டீசல, அளந்து பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாட்டில் கட்டி ஓட விட்டா எது அதிகமா கசியுதுன்னு தெரிஞ்சிடும். பிரஷர் ரொம்ப ஏறினா திறக்கிறதுக்காக ரெயில்ல இருக்கிற ரிலீஃப் வால்வு சும்மாவே திறந்துக்கிட்டு ரிட்டர்ன்ல விடுதான்னும் பாக்கணும், விட்டா வால்வ மாத்துங்க, அடைச்சு ஓட்டுற வேலை வேணாம். பம்ப் நெஜமாவே போயிருந்தா பழைய ஃபில்டர வெட்டி பேப்பர வெயில்ல விரிச்சு பாருங்க, மீட்டரிங் வால்வயும் கழட்டி பாருங்க. மினுமினுன்னு இரும்புத் தூள் தெரிஞ்சா பம்ப மட்டும் மாத்தி பிரயோஜனம் இல்ல, டேங்க்க இறக்கி கழுவி, லைன், ரெயில், இன்ஜெக்டர் எல்லாத்தயும் சுத்தம் பண்ணணும், இல்லன்னா அதே தூள் புது பம்ப்பயும் தின்னுடும். புதுப்பேட்டைல செகண்ட் ஹேண்ட் இன்ஜெக்டர் வாங்கி போடுறவங்க அது மேல இருக்கிற கோடு நம்பர ஈசிஎம்ல ஏத்த மறக்குறாங்க, அதுக்கப்புறம் வர்ற புகைக்கும் தட்டுற சத்தத்துக்கும் மறுபடி பம்ப திட்டிக்கிட்டு இருப்பாங்க.