ஞாயிறு இரவுத் தயிர்சாதம்

மியூனிக்குக்கு வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைதான் என்னைப் பட்டினி போட்டது. ஜெர்மனியில் அன்று கடைகள் திறக்காது. மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் மற்ற நாட்களிலும் இரவு 8 மணிக்கு மூடிவிடுவார்கள். ஒரு ஞாயிறு, ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகருக்குப் போய்விட்டு இரவு ரயிலில் திரும்பும்போதுதான், வீட்டில் ஒரு பிடி அரிசிகூட இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

நல்லவேளை, ரயில் நிலையக் கடைகளுக்கு விதிவிலக்கு உண்டு. இறங்கியதும் அங்கேயே தயிரும் ஒரு மில்ஷ்ரைஸ் பாக்கெட்டும் வாங்கினேன். நம் பால் பாயசம் மாதிரி ஓர் இனிப்புக்காக அவர்கள் வைத்திருக்கும் குட்டை அரிசி அது. உதிரியாக வராது, ஒட்டும். சரி என்று தண்ணீரைக் கூட்டிக் குழைய விட்டேன். மசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கடுகு, இஞ்சி தாளித்துக் கொட்டினேன், அப்படியொரு தயிர்சாதம்! இப்போது பாசுமதி கையில் இருந்தாலும் தயிர்சாதத்துக்கு அதைத்தான் எடுக்கிறேன்.