மலையகத்தில் நடையும் கூடாரமும்: எந்த மாதம், எந்தப் பக்கம்

வெளிநாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டதும் ஊருக்கு வருகிறவர்கள், நல்லூர்த் தேரையும் உறவினர் வீடுகளையும் பார்த்து முடித்து, மிஞ்சிய நான்கைந்து நாட்களில் இலங்கையின் நடுவிலுள்ள மலையகம் போய்வருவோம் என்று கிளம்புவது வழக்கமாகிவிட்டது. ஏ9 வீதியால் கண்டிக்கு இறங்கி, நுவரெலியாவில் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதுடன் பலரின் பயணம் முடிகிறது. நடக்கவும் ஓரிரவு கூடாரத்தில் தங்கவும் விரும்புகிறவர்கள் மலையைத் தெரிவு செய்யுமுன் நாட்காட்டியைப் பார்க்கவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் சோளகம் என்று சொல்லும் தென்மேற்குக் காற்று, மே முதல் செப்டெம்பர் வரை மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி, ஹட்டன், நல்லதண்ணி, கினிகத்தேனைப் பக்கமெல்லாம் மழையைக் கொட்டிவிட்டு, மலைமுகட்டைத் தாண்டிக் கிழக்கே பதுளைப் பக்கமான ஊவாவுக்குள் இறங்கும்போது பெரும்பாலும் வறண்ட காற்றாகிவிடுகிறது. வாடைக்காற்றுக் காலத்தில் இது தலைகீழாகும்; டிசம்பரிலிருந்து பதுளைப் பக்கம் நனைய, ஜனவரிக்குப் பின் மேற்குச் சரிவு தெளிகிறது. ஆகவே ஓகஸ்டில் வருகிறவருக்கு எல்ல, அப்புத்தளை, மடூல்சீமை. ஜனவரி முதல் மார்ச் வரை வருகிறவருக்குச் சிவனொளிபாதமலையும் ஹோட்டன் சமவெளியும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் கூடாரம் அடிப்பதை நான் எவருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

இதை நாங்கள் பட்டே அறிந்தோம். ஓர் ஓகஸ்ட் மாதம் இரவு இரண்டு மணிக்குப் பிள்ளைகளுடன் நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை ஏறத் தொடங்கினோம். படிகளில் விளக்கு இல்லை, தேநீர்க்கடைகள் இருந்த இடங்களில் வெறும் கம்புகள் நின்றன, மழை விடவேயில்லை. ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டோம். மறுநாள் ஹட்டனில் பதுளை ரயிலில் ஏறினோம். பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்துக்குள் ரயில் நுழையும்வரை யன்னல் கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டிருந்தது. வெளியே வந்தபோது எதிரே பள்ளத்தாக்கு முழுவதும் வெயில். அந்தப் பாதையில் அடிக்கடி பயணிக்கிறவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை.

சிவனொளிபாதமலை 2,243 மீற்றர் உயரமானது. டிசம்பர் மாதத்துப் பௌர்ணமியிலிருந்து மே மாதத்துப் பௌர்ணமி வரையே யாத்திரைக் காலம். அப்போது வழியெங்கும் விளக்கெரியும், கடைகள் திறந்திருக்கும். நல்லதண்ணிப் பாதையில் 5,000க்கும் மேற்பட்ட படிகள் உள்ளன. மூன்று முதல் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாட்களையும் வாரவிறுதிகளையும் தவிர்க்காவிட்டால், உச்சிக்குக் கீழே வரிசையில் நின்றபடியே சூரியன் உதித்துவிடும். மேலே காற்று கடுமையாக வீசுவதால், வியர்வையில் நனைந்த சட்டையை மாற்ற ஒரு காய்ந்த சட்டை கட்டாயம் தேவை. விடிந்தபின் மேற்குப் பக்கம் திரும்பிப் பாருங்கள். மலையின் நிழல் முக்கோணமாக மஞ்சின்மேல் விழுந்திருக்கும். இது வழிபாட்டு மலை. இங்கே கூடாரம் அடிக்க நினைக்கவேண்டாம்.

ஹோட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. உலகமுடிவு என்னும் செங்குத்துப் பாறை, பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி இரண்டையும் சுற்றிவரும் பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். காலை ஆறு மணிக்கே வாசலில் நின்றால்தான் பயன். ஒன்பது, பத்து மணிக்குப் பின் மஞ்சு மூடிவிட்டால் உலகமுடிவில் வெள்ளைச் சுவரைத்தான் பார்க்கலாம். பொலித்தீன் பைகளை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், தண்ணீர்ப் போத்தலின் மேலுறையையும் கிழித்துவிடுவார்கள். சாப்பாட்டைப் பெட்டியில் கட்டிச் செல்லுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கும் உள்நாட்டவருக்கும் கட்டணம் பல மடங்கு வேறுபடும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கை அடையாள அட்டையைக் கொண்டுபோக மறக்கக்கூடாது. கூட்டம் பிடிக்காதவர்களுக்குப் பட்டிப்பொல வாசலருகே 2,357 மீற்றர் உயரமான தொட்டுப்பொல உச்சி இருக்கிறது, குறுகிய நடை. இங்கே இரவு தங்குவதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்பதிவு செய்து, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டுமே கூடாரம் அடிக்கலாம். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்மேல் உறைபனி படிவதுண்டு. கனடாக் குளிரைக் கண்டவர்கள் என்று அசட்டையாக வராதீர்கள். அங்கே வீட்டுக்குள் வெப்பமூட்டி இருக்கிறது, இங்கே இருப்பது துணிச்சுவர்.

நாட்டின் மிக உயர்ந்த மலையான 2,524 மீற்றர் பீதுருதலாகலையில் இராணுவ முகாம் இருப்பதால் நடந்து ஏறுவதற்கு அனுமதியில்லை.

ஓகஸ்டில் வருகிறவர்கள் அப்புத்தளையில் இறங்கி, தம்பதென்னைத் தேயிலைத் தொழிற்சாலை வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து லிப்டன் சீட் வரை ஏறத்தாழ 7 கிலோமீற்றர் நடந்து ஏறுவதே, என் மதிப்பில், மலையகத்தின் மிக அழகான காலை நடை. அதிகாலையில் புறப்பட்டால் இடுப்பில் படங்கு கட்டிய பெண்கள் கொழுந்து பறிக்க ஏறும் நேரத்தில் நீங்களும் ஏறுவீர்கள். வழி கேட்க ஆங்கிலம் வேண்டியதில்லை, “அக்கா, இந்தப் பாதை மேலே போகுமா?” என்றால் குறுக்குப் பாதையையும் சேர்த்துச் சொல்வார்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் வாசலையும் துணி காயும் கொடியையும் கேளாமல் எடுப்பது கண்ணியமல்ல. நீண்ட நடை வேண்டுவோருக்குக் கண்டி ஹந்தானையிலிருந்து ஹட்டன், அப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்களாகச் செல்லும் பீக்கோ நடைபாதை உண்டு. ஒரு நாளுக்கு ஒரு கட்டம் என்று பிரித்து நடக்கலாம். எல்லவில் சின்ன சிவனொளிபாத மலை சிறு பிள்ளைகளுக்கும் ஏற்றது. எல்லப் பாறைக்குத் தண்டவாளம் வழியே நடக்கச் சொல்வார்கள். வளைவுகளில் ரயில் வருவது கடைசி நேரத்தில்தான் தெரியும் என்பதால் அந்த வழியைத் தவிர்ப்பதே நல்லது.

கூடாரத்துக்குக் கிழக்குப் பக்கத்தில் பெயர்பெற்றது மடூல்சீமையிலுள்ள சின்ன உலகமுடிவு. சூரியன் கீழ்நாட்டுச் சமவெளிக்கு மேலே எழுவதைக் கூடாரத்தின் வாயிலிருந்தே காணலாம். விளிம்பில் பாதுகாப்பு வேலி இருக்குமென்று நம்பாமல், கூடாரத்தை விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி அடித்து, இருட்டில் ஒருவரும் தனியே எழுந்து போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு வனத் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டும் ஊர் வழிகாட்டியும் வேண்டும். 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி அது. மீமுரைக் கிராமத்தில் ஆற்றோரமாகத் தங்கலாம். ஆனால் மேலே மழை பெய்தால் ஆறு சொல்லாமல் ஏறும்.

இரத்தம் குடிக்கும் அட்டையைப் பற்றியும் சொல்லவேண்டும். நனைந்த புல்நுனியில் கறுப்பு நூல் போல எழுந்து நின்று தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். காலுறையின் தையல் வழியே நுழைந்து குடித்து முடித்த பின்பே ஈரம் தெரியும். தோட்டத்து மக்கள் செய்வதுபோல், ஈரச் சவர்க்காரத்தைக் காலுறைமேலும் கணுக்காலிலும் தடித்துப் பூசிக்கொள்ளுங்கள். கடித்தால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் விளிம்பிலிருந்து தள்ளிவிடலாம். இரத்தம் நெடுநேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை.

எரிவாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுவர முடியாது, கொழும்பில் வாங்கிக்கொள்ளுங்கள். பாதுகாக்கப்பட்ட காடுகளில் தீ மூட்டக்கூடாது. பதுளை ரயிலில் ஆசனம் வேண்டுமானால் ஒரு மாதத்துக்கு முன்பே பதிவு தொடங்கும் நாளைக் கவனியுங்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் மண்சரிவுகளால் ரயில் பாதையும் மலைவீதிகளும் பல இடங்களில் சேதமுற்றதால், எந்தப் பகுதிவரை ஓடுகிறது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மக்கள் புதைந்ததை ஊவாவில் எவரும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை ஒரு பிரதேசத்துக்கு இருந்தால், கூடாரத்துக்குக் கொடுத்த முற்பணம் போனாலும் பரவாயில்லை என்று அங்கே போகாதிருங்கள். அவசர அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. பள்ளத்தாக்குகளில் கைபேசிச் சமிக்ஞை அறுந்துபோவதால், எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்பதைத் தங்கும் வீட்டாரிடம் சொல்லிவிட்டே ஏறுங்கள்.