பழைய பிக்கப்பில் பெட்ரோல் பம்ப் ஓடவில்லையா?

பம்ப் போச்சு என்று உடனே புதுசு வாங்க ஓடாதீர்கள். சாவியை ஆன் செய்தால், இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் டாங்கிப் பக்கம் இரண்டு விநாடி முனகல் கேட்கும். கேட்கவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள், அப்புறம் பம்ப் ரிலேயை (பம்புக்குக் கரண்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச் பெட்டி) எடுத்துவிட்டு, அதே நம்பர் உள்ள ஹார்ன் ரிலேயை அந்த இடத்தில் செருகுங்கள். அதற்கும் அசையவில்லையா? சாக்கெட்டைக் கழற்றாமல், ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லி, பம்புக்குப் போகும் இரண்டு வயரிலும் மல்டிமீட்டரின் (வோல்ட் அளக்கும் கருவி) இரண்டு முனைகளையும் வையுங்கள். பெட்ரோல் ஆவி இருக்கும் இடம், தீப்பொறி கூடாது. பேட்டரி அளவுக்கு வோல்ட் வந்தும் ஓடவில்லை என்றால் பம்ப்தான் காலி. வோல்ட் குறைவா, மீட்டரின் கறுப்பு முனையை மட்டும் எடுத்துச் சேஸியில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில் வையுங்கள். பேட்டரி அளவுக்கு எகிறினால் எர்த், அதாவது பம்பிலிருந்து சேஸிக்குப் போகும் வயர்தான் கோளாறு. பினாங்குக் கடற்காற்றில் அந்த எர்த் போல்ட் பச்சை பூத்துத் துருவேறிக் கிடக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். எகிறவில்லை என்றால் ரிலேயிலிருந்து வரும் வயரைத் தேடுங்கள்.