டெங்கு விழுந்துருச்சு என்று கத்துவதற்கு முன்

போன வாரம் ஓர் ஆராய்ச்சி மாணவி லேப்பிலிருந்து ஓடி வந்தாள். "அக்கா, செல்லோட புரதத்தை அடக்கினதும் டெங்கு வைரஸ் அளவு அப்படியே விழுந்துருச்சு!" எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருஷங்களுக்கு முன்னால், பெரியார் பஸ் ஸ்டாண்டு போகிற பஸ்ஸில் நானும் இதே சிரிப்போடு உட்கார்ந்திருக்கிறேன்.

பைப்பெட் முனையை மாற்ற மறப்பது, டியூபில் பெயர் எழுதாமல் விடுவது எல்லாம் முதல் மாதமே யாராவது திட்டித் திருத்திவிடுவார்கள். அதை விடுங்கள். வைரஸ் நம் செல்லின் எந்தப் புரதத்தை நம்பியிருக்கிறது என்று தேடும்போது கண்ணில் படாமல் போகும் தவறுகளைத்தான் சொல்கிறேன்.

சாகிற செல்லில் வைரஸை அளப்பது

டெங்குவின் ஆர்என்ஏ சுமார் 10,700 எழுத்து. அதை வைத்து அது செய்துகொள்வது வெறும் 10 புரதம். உள்ளே நுழைய, ரைபோசோமில் புரதம் செய்ய, சவ்வை வளைத்துப் பட்டறை போட, வெளியேற, எல்லாவற்றுக்கும் நம் செல்லின் புரதங்கள்தான். எதை நம்பியிருக்கிறது என்று பார்க்கத்தான் எஸ்ஐஆர்என்ஏ (குறிப்பிட்ட ஒரு புரதம் உருவாகாமல் தடுக்கும் சின்ன ஆர்என்ஏ துண்டு) கொடுத்து ஒவ்வொன்றாக அடக்குகிறோம்.

சிவகாசி அச்சகம் ஒன்றில் ராத்திரியோடு ராத்திரியாக யாரோ போலி லேபிள் அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆளாக லீவில் அனுப்பினால் கூட்டாளி யாரென்று தெரிந்துவிடும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு "போலி லேபிள் நின்னுருச்சு பார்" என்றால்? நல்ல லேபிளும்தானே நின்றது.

நான் அணைத்தது மெயின் சுவிட்ச். புரோட்டியசோமின் ஓர் உறுப்பை அடக்கினேன். செல்லின் வேண்டாத புரதங்களை நறுக்கித் தள்ளும் இயந்திரம் அது; அது படுத்தால் செல்லும் படுக்கும். 48 மணி நேரம் கழித்து டெங்குவை விட்டு, இன்னொரு 48 மணி கழித்து எடுத்தேன். டைட்டர், அதாவது தொற்றும் வைரஸின் அளவு, இருபதில் ஒரு பங்கு! மைக்ரோஸ்கோப்பில் செல்கள் உருண்டு மிதந்தன. வைரஸின் வேலை என்று நினைத்துக்கொண்டேன். வைரஸ் இவ்வளவு குறைந்திருக்க, செல் மட்டும் எப்படிக் கூடுதலாகச் சாகும்? இந்தச் சின்னக் கேள்வி எட்டு மாதம் என் மண்டையில் ஏறவில்லை. கடைசியில் ஒரு கருத்தரங்கில் ஆய்வு போஸ்டர் ஒட்டிவிட்டு நின்றபோது ஒரு பெரியவர் கிராஃபைக்கூடப் பார்க்காமல் கேட்டார்: "ஏம்மா, செல்லு உசுரோட இருந்துச்சா?"

வைரஸ் விடாத வெல் (செல் வளர்க்கும் சின்னக் குழி) ஒன்றுகூட என் பிளேட்டில் கிடையாது.

இன்றைக்கும் எரிச்சல் வரக் காரணம், இதைத் தவிர்க்க இன்னொரு பிளேட் போதும் என்பதுதான். அதே நாள், அதே எஸ்ஐஆர்என்ஏ, வைரஸ் மட்டும் இல்லாமல். அதில் உயிருள்ள செல்லை எண்ணுங்கள். அப்புறம், அதே புரதத்தை வேறோர் இடத்தில் பிடிக்கும் இரண்டாவது எஸ்ஐஆர்என்ஏ. அதன்பிறகு அடக்கிய புரதத்தைத் திருப்பிக் கொடுத்து, வைரஸ் எழுந்து வருகிறதா என்று பாருங்கள். திருப்பிக் கொடுப்பதைச் சடங்காக நினைக்காதீர்கள். எஸ்டிடி3ஏ இல்லாத செல்லில் டெங்கு வளரத் திணறுகிறது என்று 2016இல் கண்டார்கள். புரதங்களில் சர்க்கரையைக் கோக்கும் நொதி அது. அந்தக் கோக்கும் வேலைக்காகத்தான் டெங்கு அதைத் தேடுகிறது என்றே யாரும் நினைப்போம். கோக்கும் திறனை அழித்த எஸ்டிடி3ஏவைத் திருப்பிக் கொடுத்தார்கள், டெங்கு வளர்ந்துவிட்டது. அதற்குத் தேவை அந்தப் புரதம், அதன் தொழில் இல்லை.

வீரோ செல்லை மனுஷ உடம்பு என்று நினைப்பது

வீரோ 1962இல் ஜப்பானில் ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல். வைரஸ் வந்ததும் செல்களை எச்சரிக்கும் புரதமான இன்டர்ஃபெரானை அதற்குச் செய்யத் தெரியாது. அதனால்தான் வைரஸ் எல்லாம் அதில் கொழிக்கிறது. 2020இல் குளோரோகுயின் வீரோவில் கொரோனா வைரஸைத் தடுத்தது, உலகமே அந்த மாத்திரைக்கு அலைந்தது. வைரஸ் செல்லின் மேற்பரப்பிலேயே நுழைய உதவும் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற புரதம் வீரோவில் போதாது. வைரஸ் எண்டோசோம் (செல் வெளியிலிருந்து விழுங்குவதை வைக்கும் பை) வழியாகச் சுற்றி உள்ளே வரும், குளோரோகுயின் அந்த வழியைக் கெடுக்கும். நுரையீரல் செல்லில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 உண்டு. வைரஸ் வாசல் வழியாகவே நுழைந்தது, மருந்து வேடிக்கை பார்த்தது.

எல்லா வைரஸுக்கும் ஒரே கணக்கு போடுவது

டெங்குவிடம் ஆர்என்ஏவை நகலெடுக்கும் நொதி சொந்தமாக இருக்கிறது. மரு உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸிடம் டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதி இல்லை, செல்லிடம் கடன்.

வைரஸ் புரதத்தோடு செல் புரதம் ஒட்டியதை மட்டும் காட்டிப் பேப்பர் எழுதுவது

செல்லை உடைத்துக் கலக்கினால் எதுவும் எதோடும் ஒட்டும்.

மைக்கோபிளாஸ்மா

வளர்க்கும் செல்லில் சத்தமில்லாமல் புகுந்து முடிவைக் கெடுக்கும் பாக்டீரியா. இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பேச்சே இல்லை.

மாணவியிடம் அந்தப் பெரியவர் கேட்டதையே கேட்டேன். சிரிப்பு நின்றது. வெள்ளிக்கிழமை புது பிளேட் போட்டிருக்கிறாள். பாதி வெல்லில் வைரஸ் இல்லை.