செட்டிநாட்டுப் பேரேடுகளுக்கு வீட்டில் ஓர் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ், கிளவுடில் ஒரு பிரதி

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில், ரங்கூனிலும் பினாங்கிலும் நடந்த லேவாதேவிக் கடைகளின் பேரேடுகள் இன்றும் சில வீடுகளின் பெட்டகங்களில் கிடக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்யும் சிறு குழுக்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை 400 டிபிஐ-யில், வண்ணத்தில், சுருக்காத டிஃப் கோப்பாக எடுத்தால் ஏறத்தாழ 46 எம்பி வரும். ஆயிரம் பக்கத்துக்கு 46 ஜிபி ஆகும்; விநாடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் ஏற்றினாலும் அதற்கு ஐந்து மணி நேரம் தேவைப்படும். கிளவுடிலிருந்து திரும்ப இறக்குவதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. ஆகவே அன்றாட வேலை உள்ளூரில் அமைக்கும் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில், அதாவது ஒவ்வொரு கோப்பையும் அதன் பெயரைச் சொல்லி இட்டு எடுக்கும் சேமிப்பகத்தில், நடக்க வேண்டும். காப்புப் பிரதி மட்டும் கிளவுடுக்குப் போக வேண்டும்.

உள்ளூரில் எந்த மென்பொருளை நிறுவினாலும், அது அமேசான் 2006-இல் அறிமுகப்படுத்திய எஸ்3 என்னும் கிளவுட் சேமிப்புச் சேவையின் ஏபிஐ-யை, அதாவது நிரல்கள் அதற்குக் கட்டளையிடும் முறையை, பேச வேண்டும் என்பதே முதல் நிபந்தனை. செஃப், சீவீட்எஃப்எஸ், மினியோ ஆகிய மூன்றும் அதைப் பேசுகின்றன. செஃப் மூன்று சர்வர்களாவது இருக்கும் இடத்துக்கே பொருந்தும். மினியோவின் இலவசப் பதிப்பில், இணையப் பலகையிலிருந்த நிர்வாக வசதிகள் பெரும்பாலும் 2025-இல் நீக்கப்பட்டன. மென்பொருளை நாளை மாற்ற நேரலாம் என்பதால், எஸ்3-இன் அடிப்படைக் கட்டளைகளை மட்டும் நம்பி உங்கள் நிரல்களை எழுதுங்கள்.

ஒரே சர்வரில் 4 டிபி டிஸ்க்குகள் ஆறு இருந்தால், எரேஷர் கோடிங்கை (கோப்பைத் துண்டுகளாக்கி, இழந்த துண்டை மீட்க உதவும் பாரிட்டித் துண்டுகளோடு டிஸ்க்குகளில் பரப்பும் முறையை) நான்கு தரவு, இரண்டு பாரிட்டி என வெளிப்படையாகக் குறித்து அமையுங்கள். 24 டிபி-யில் 16 டிபி பயன்படும். இரண்டு டிஸ்க்குகள் கெட்டாலும் தரவு நிற்கும். இதற்கு அடியில், டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் ரெய்டு வேண்டாம். சர்வரை இரண்டாம் கட்டில், காற்றோட்டமுள்ள அறையில் வையுங்கள். பாதுகாப்பு என்று எண்ணி மர அலமாரிக்குள் பூட்டினால் வெப்பமே டிஸ்க்குகளைக் கெடுக்கும். மின்சாரம் நின்றதும் சர்வருக்குத் தகவல் சொல்லி அதை முறையாக நிறுத்தும் யூபிஎஸ் அவசியம்.

பக்கெட்டில் (கோப்புகளை இடும் தொகுப்பில்) வெர்ஷனிங்கை, அதாவது அழித்த அல்லது மாற்றிய கோப்பின் பழைய வடிவத்தையும் வைத்திருக்கும் வசதியை, முதல் நாளே இயக்குங்கள். கோப்பின் பெயரில் ஊர், வீட்டுக் குறியீடு, ஏட்டு எண், பக்க எண் ஆகியவை இதே வரிசையில் வரட்டும். பக்க எண் 0001 எனத் தொடங்கினால் வரிசை குலையாது.

மிகுந்த கவனம் தேவைப்படுவது கிளவுடுக்கு அனுப்பும் இடத்தில்தான். கிளவுடுக்குக் கோப்புகளை அனுப்பும் ஆர்குளோன் என்னும் கருவியில் ‘சிங்க்’ என்னும் கட்டளை, மூலத்தில் இல்லாததைப் பிரதியிலும் அழித்துவிடும். வெர்ஷனிங் இல்லாத நாளில் ஒரு பேரேட்டின் கோப்புகளை நான் உள்ளூரில் தவறுதலாக அழித்தேன். அன்றிரவே அது கிளவுடிலும் போயிற்று. வீட்டாரிடம் ஏட்டை மறுபடி கேட்டு வாங்கிப் பிரித்தபோது, முன்பு முழுதாக இருந்த ஒரு தாளின் ஓரம், வட்டித் தொகை எழுதிய இடத்திலேயே, உதிர்ந்து கையோடு வந்தது. ஆகவே பிரதியில் எதையும் அழிக்காத ‘காப்பி’ கட்டளையையே பயன்படுத்துங்கள். அனுப்பும் நிரல் கிளவுடில் நுழையப் பயன்படுத்தும் சாவிக்கு அழிக்கும் உரிமை தராதீர்கள்.

கிளவுட் பக்கெட்டை உருவாக்கும்போதே, கோப்புகளைக் குறித்த கெடுவரை அழிக்க முடியாமல் பூட்டும் ஆப்ஜெக்ட் லாக்கை இயக்குங்கள். அதன் கம்ப்ளையன்ஸ் முறையில் இட்ட பூட்டைக் கணக்கின் உரிமையாளராலும் கெடு முடியும்வரை திறக்க முடியாது என்பதால், முதலில், தனி உரிமை உள்ளவர் பூட்டைத் திறக்கக்கூடிய கவர்னன்ஸ் முறையில் ஒரு நாள் கெடு வைத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

செலவைக் குறைக்க அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் என்னும் மலிவான நீண்டகாலச் சேமிப்பு வகையைத் தேர்ந்தால், 180 நாளுக்கு முன் அழித்தாலும் அந்தக் காலத்துக்கான கட்டணம் விழும். வழக்கமான முறையில் கேட்ட கோப்பு கைக்கு வர 12 மணி நேரம்வரை ஆகலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஓர் ஏட்டை அங்கிருந்து மீட்டு, செக்சம்மை (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்ணை) ஸ்கேன் செய்த நாளில் எழுதிவைத்த பட்டியலோடு ஒப்பிட்டு, ஐந்தொகைப் பக்கத்தைத் திரையில் பெரிதாக்கித் தொகைகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள்.